உங்கள் சபையின் மாத இதழுக்கு வரலாறு எழுதுவது எப்படி

திருகோணமலையில் ஒரு கத்தோலிக்கப் பங்கோ, புரட்டஸ்தாந்து சேகரமோ, சைவ மன்றமோ பொன்விழாவை நெருங்கும்போது "எங்கள் மாத இதழின் வரலாற்றையும் விழா மலருக்கு எழுதித் தாருங்கள்" என்ற பொறுப்பு யாரோ ஒருவரின் தலையில் வந்து விழும். மலரில் கடைசியாக வருவது பெரும்பாலும் ஆசிரியர்களின் பெயர் வரிசையும் நாலு வாழ்த்தும்தான். இதழ் யாருக்காக வந்தது, என்ன செய்தது, ஏன் நடுவில் நின்றது என்று கேட்டால் அதில் பதில் இராது.

அந்தப் பதில்கள் அட்டையின் உட்பக்கத்திலும், சந்தா விபரத்திலும், கடைசிப் பக்க அறிவித்தல்களிலும், கடை விளம்பரங்களிலும் கிடக்கின்றன. வருடத் தொகுதியாகப் பைண்ட் பண்ணும்போது முதலில் கழற்றி எறியப்படுவதும் அவைதான். கட்டுரைகள் வேறெங்கோ மறுபதிப்பாகி இருக்கக்கூடும், அறிவித்தல் பக்கம் ஒருபோதும் மறுபதிப்பாகாது. ஆகவே பைண்ட் பண்ணிய அழகான தொகுதி கையில் இருந்தாலும், அட்டையோடு கூடிய தனிப் பிரதிகளைத் தேடிக்கொண்டே இருங்கள்.

எந்த வழியில் வந்த இதழ்

தேடத் தொடங்குமுன் இலங்கைச் சமய இதழ்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்திருப்பது நல்லது. உங்கள் இதழின் முதல் ஆசிரியர் எதைப் பார்த்து எழுதினார் என்பது அப்போதுதான் விளங்கும். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1841 ஜனவரி 7 அன்று தொடங்கிய உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. வேதத்தோடு கல்வி, விஞ்ஞானம், பொதுச் செய்தி எல்லாம் அதில் இருந்தன. கத்தோலிக்கர் தரப்பில் சத்தியவேத பாதுகாவலன் 1876 இல் வந்தது. 1888 இல் உருவான சைவ பரிபாலன சபை அடுத்த வருடமே, 1889 செப்டெம்பர் 11 அன்று, இந்து சாதனத்தைத் தொடங்கியது. பாதுகாவலன், பரிபாலனம் என்ற பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: மற்றத் தரப்புக்கு மறுமொழி சொல்லித் தம்மவரைக் காப்பது அந்தத் தலைமுறையின் முதல் வேலை. 1935 இல் தொடங்கிய சிவதொண்டனும் 1948 இல் நாவலப்பிட்டியில் தொடங்கிய ஆத்மஜோதியும் வாதத்தை விட்டு, வாசகரின் ஆன்மிக சாதனைக்கும் மனத்துக்கும் எழுதிய மாத இதழ்கள்.

இந்த இதழ் மரபோடு திருகோணமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1925 இல் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது அதை முன்னின்று நடத்திய சுவாமி விபுலாநந்தர், அதற்கு முன் சென்னையில் இராமகிருஷ்ண மடத்தின் தமிழ் மாத இதழான ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயத்தின் ஆசிரியராக இருந்தவர். இதழ் நடத்தும் பழக்கமும் பள்ளி நடத்தும் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தன. உங்கள் இதழின் முதல் ஆசிரியர் பள்ளி ஆசிரியரா, குருவானவரா, சபைச் செயலாளரா என்று முதலில் பாருங்கள். இதழின் நடையை அது பாதி தீர்மானித்திருக்கும்.

பிரதிகள் எங்கே கிடைக்கும்

முதலில் பங்குமனை அல்லது மன்ற அலுவலகம், பிறகு பழைய ஆசிரியர்களின் வீடுகள், அதன் பிறகுதான் நூலகங்கள். கத்தோலிக்க இதழ் என்றால் நிர்வாக எல்லை மாறியதை மனதில் வையுங்கள். திருகோணமலை 1893 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமானது. 1967 இல் பெயர் திருகோணமலை-மட்டக்களப்பு என மாறியது. 2012 இல் மட்டக்களப்பு தனியாகப் பிரிந்தது. ஆகவே 1967க்கும் 2012க்கும் இடைப்பட்ட திருகோணமலைச் செய்திகள் பல மட்டக்களப்பில் அச்சான தாள்களில் இருக்கக்கூடும். அங்கே போகாமல் "1980களில் இதழ் வரவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். மெதடிஸ்த இதழ் என்றால், இலங்கைத் திருச்சபை 1964 இல் தன்னாட்சி பெற்றது. அதற்கு முன்னைய கடிதப் போக்குவரத்து பிரித்தானிய மிஷனின் ஆவணங்களோடு போயிருக்கும்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தைத் தவற விடக்கூடாது. 1839 இன் செய்தித்தாள் கட்டளைச் சட்டமும் 1885 இன் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டமும் பதிவையும் பிரதி ஒப்படைப்பையும் கட்டாயமாக்கின. சிறிய அச்சகங்கள் எல்லாம் ஒழுங்காக ஒப்படைத்தன என்று நம்ப முடியாது, ஆனாலும் உள்ளூரில் கறையான் தின்ற ஆண்டு அங்கே முழுதாகக் கிடைக்கலாம். போகுமுன் இதழின் பெயர், அச்சகத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அச்சகம் யாழ்ப்பாணத்தில் இருந்தால் திருகோணமலை என்று தேடிப் பயனில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றும் நூலக நிறுவனத்தின் (Noolaham Foundation) இணைய நூலகத்தையும் தொடக்கத்திலேயே பாருங்கள். அங்கே ஏற்கெனவே ஏறிய இதழை மறுபடி படமெடுப்பது வீண் வேலை.

இறந்துபோன ஆசிரியர்களைப் பற்றி அறிய 31 ஆம் நாள் நினைவு மலரைக் கேளுங்கள். பிறப்பு, கல்வி, இடமாற்றம் எல்லாம் திகதியோடு அதில் இருக்கும். இதழின் ஆசிரியராக இருந்த காலத்தை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டாம். குடும்பத்தார் நினைவிலிருந்து எழுதும் விடயம் அது, வருடம் முன்பின்னாக இருக்கும்.

பதிவேடு

ஒரு பிரதிக்கு ஒரு வரி. மலர் எண் (வருடத்துக்கு ஒன்று), இதழ் எண் (மாதத்துக்கு ஒன்று), அட்டையில் உள்ள மாதமும் ஆண்டும், ஆங்கிலத் திகதி, பக்கம், விலை, ஆசிரியர், அச்சகம், குறை, எங்கே இருக்கிறது. ஆசிரியரின் பெயரை அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். "பொறுப்பாசிரியர்", "கௌரவ ஆசிரியர்", "நிர்வாக ஆசிரியர்" என்ற வேறுபாடுகளைச் சமப்படுத்த வேண்டாம். உண்மையில் வேலை செய்தவர் யார் என்பது பல இடங்களில் அந்தச் சின்னச் சொல்லில்தான் இருக்கும்.

சைவ இதழ்களில் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் இருக்கும். இங்கேதான் அதிகம் பிழை விடப்படுகிறது. பிரபவ ஆண்டு 1927 ஏப்ரலிலும் 1987 ஏப்ரலிலும் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் யுவ ஆண்டு 1935 அல்லது 1995 ஏப்ரலில் தொடங்கும். ஆனால் "யுவ, தை" என்று அட்டையில் இருந்தால் அது 1935 தை ஆகாது. 1936 ஜனவரி நடுவில் தொடங்கும் தை அது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அறுபது வருடச் சுற்றில் எது என்பதை விலையும் அச்சும் சொல்லிவிடும்.

இதழ் ஒழுங்காக வந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. மலர் எண்ணில் ஒன்றைக் கழித்து 12 ஆல் பெருக்கி இதழ் எண்ணைக் கூட்டுங்கள். 1970 ஜனவரியில் தொடங்கிய இதழில் மலர் 9, இதழ் 5 என்றால் 8 × 12 + 5 = 101. நூற்றோராவது மாதம் 1978 மே. அட்டையில் 1978 ஓகஸ்ட் என்று இருந்தால் அதற்கு முன் எங்கோ மூன்று மாதம் விழுந்திருக்கிறது. இணைந்த இதழ்களை ("இதழ் 7-8") ஒரு வரியாக எழுதி இரண்டு எண்ணையும் குறியுங்கள். சில ஆசிரியர்கள் இடைவெளிக்குப் பிறகு மறுபடி "மலர் 1" என்று தொடங்குவார்கள். அதைப் புதிய இதழாக எண்ணாமல் இரண்டாம் தொடராகப் பதியுங்கள்.

பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் கம்பி அடித்த இதழில் பக்கத் தொகை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் இருந்தால் ஒரு தாள் போயிருக்கிறது. அட்டையில் இலக்கம் இராததால் அட்டையின் நான்கு பக்கத்தையும் வேறாகக் கணக்கெடுங்கள்.

பின்னட்டையின் அடியில் "இலங்கையில் செய்தித்தாளாகப் பதிவு செய்யப்பட்டது" என்ற வரி இருந்தால் அந்த எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். தபால் சலுகைக்காகப் பெற்ற பதிவு அது. எண்ணோடு ஆண்டும் இருந்தால், அட்டை கிழிந்த பிரதிக்கும் காலம் சொல்லிவிடலாம்.

காலம் கணிக்கும்போது இரண்டு பொறிகள். உலோக எழுத்துக் காலத்தில் படத்துக்குப் புளொக் (அச்சிடும் உலோகத் தகடு) செய்வது செலவான வேலை. ஒருமுறை செய்த ஆயரின் அல்லது அடிகளாரின் படத்தையே பத்து வருடம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். படத்தில் உள்ள முகத்தின் வயதை வைத்து இதழின் வயதைச் சொல்ல முடியாது. அதேபோல் கொம்பு போட்ட பழைய "லை", "னை" வடிவங்களை வைத்து "1978க்கு முந்தியது" என்று முடிவெடுக்காதீர்கள். தமிழ்நாட்டு அரசின் ஆணைதான் 1978. இங்கே கையில் பழைய உலோக எழுத்து இருந்த அச்சகம், அந்த எழுத்து தேயும்வரை அதையே கோத்து அச்சடித்தது.

தாளைக் கையாளுதல்

திருகோணமலையில் ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடை மழை. அந்த நாட்களில் பழைய பொதிகளை அவிழ்க்க வேண்டாம். ஈரக்காற்றில் செய்தித்தாள் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். மாசி, பங்குனிதான் நல்ல காலம். கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசத் தொடங்கினால் தாள் நன்றாகக் காயும், கூடவே புழுதியும் வரும். காற்று வரும் பக்கத்து யன்னலை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கடற்காற்றில் முதலில் கெடுவது கம்பி. துரு தாளைத் தின்று கம்பியைச் சுற்றி ஓட்டை விழும், பிறகு நடுத்தாள் கழன்று தொலையும். துருப்பிடித்த கம்பியை வெளியிலிருந்து இழுக்காதீர்கள். இதழை நடுவில் விரித்து, மெல்லிய தகட்டால் கம்பியின் இரண்டு காலையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக நேராக எடுங்கள். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகத் தைத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தோடு உரிந்து வரும். கிழிந்த துண்டைத் தனிக் கடித உறைக்குள் வைத்து அதே இதழோடு வைத்தால் போதும்.

பூஞ்சணம் பிடித்ததை நேர் வெயிலில் காயவிடக்கூடாது. தாள் நொறுங்கும், மை வெளிறும். நிழலில் விசிறிக் காற்றில் முழுதாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் ஒரே திசையில் துடையுங்கள். ஈரமாயிருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் தாளுக்குள் அப்பும். பளபளப்புத் தாளில் அச்சான சிறப்பு மலர் நனைந்தால் நிலைமை வேறு: அது காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஈரமாயிருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து இடையில் அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, தாள் நனைய நனைய மாற்றுங்கள்.

றோணியோவில் (மெழுகுத் தாளில் எழுத்தை வெட்டிப் பிரதியெடுக்கும் பொறி) வந்த தொடக்க இதழ்கள் இருந்தால் அவற்றை முதலில் கவனியுங்கள். பிரதிகள் குறைவு, தாளும் மட்டமானது. காய்ந்த பிரதிகளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் அலுமாரியில் வையுங்கள். காற்றுப்புகாமல் கட்டிய பொலித்தீன் பை உள்ளே இருக்கும் ஈரத்தைத்தான் காக்கும்.

படமெடுத்தலும் எழுத்தாக்கலும்

ஸ்கானரில் அங்குலத்துக்கு 300 புள்ளி, கலரில். அறிவித்தல் பக்கத்துச் சிறிய எழுத்துக்கு 400. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெளிறிய மையும் பழுப்புத் தாளும் ஒன்றாகிவிடும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடே தெரியும். பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் அது மங்கிவிடும். இந்தச் சின்ன விடயம் வாசிப்பை எவ்வளவு இலகுவாக்கும் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். பைண்ட் பண்ணிய தடித்த தொகுதியை ஸ்கானரில் அமுக்காதீர்கள், முதுகு வெடிக்கும். யன்னல் வெளிச்சத்தில், வெயில் படாத இடத்தில், போனை மேலே நேராக நிறுத்தி எடுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். ஏ5 அளவுப் பக்கம் ஒன்று சுருக்காத கலர்ப் படமாகச் சுமார் 13 மெகாபைட். அட்டையோடு 32 பக்க இதழ் ஏறத்தாழ 416, ஒரு வருடம் 5 கிகாபைட், பத்து வருடம் 50. ஆகவே இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க், இரண்டு தனித்தனிக் கட்டிடத்தில். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டை முன்னால் வையுங்கள்: 1978-05-009-005. அப்போதுதான் கணினி தானாக வரிசைப்படுத்தும்.

கணினியில் கோத்த பிற்கால இதழ்களின் மூலக் கோப்புகள் பெரும்பாலும் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருக்கும். யுனிகோடுக்கு மாற்றும்போது ஒரு பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது. பாமினியில் "ரி", "ர்" இரண்டுக்கும் துணைக்காலின் விசையைத்தான் அழுத்துவார்கள். மட்டமான மாற்றி அந்த இடத்தில் ரகரத்தைப் போடாமல் துணைக்காலையே விட்டுவிடும். திரையில் சரியான எழுத்துப் போலவே தெரியும். ஆனால் "ஆசிரியர்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மாற்றி முடித்ததும் ரகரம் வரும் பத்துச் சொற்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கண்டுபிடித்து மாற்றும் வசதியால் முழுக் கோப்பையும் ஒரே தடவையில் திருத்தலாம்.

நோக்கத்தை அளந்து பார்த்தல்

முதல் இதழின் "எமது நோக்கம்" பகுதியை மேற்கோள் காட்டி நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அது ஆசிரியரின் ஆசை. இதழ் உண்மையில் என்ன செய்தது என்று பார்க்க அளவுகோல் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு இதழ் எடுங்கள், எல்லாம் ஒரே மாதத்து இதழாக, பெருநாளோ திருவிழாவோ இல்லாத மாதமாக. சிறப்பிதழ் எப்போதும் இதழின் இயல்பைக் காட்டாது. ஒவ்வொரு பத்தியின் நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, போதனை, மறுப்பு, ஊர்ச் செய்தி, சிறுவர் பகுதி, கடிதம், அறிவித்தல், விளம்பரம் எனப் பிரித்துக் கூட்டுங்கள். போதனைக்கென்று தொடங்கிய இதழ் இருபது வருடத்தில் மூதூர், தம்பலகாமம், நிலாவெளிச் செய்திகளால் நிறைந்திருந்தால், சிதறிய மக்களை ஒன்றாக வைத்திருப்பது அதன் வேலையாக மாறிவிட்டது என்று பொருள். நோக்கம் மாறியதை இறங்குமுகமாக எழுதவேண்டிய அவசியமில்லை. மக்களுக்குத் தேவையானதை ஆசிரியர்கள் கண்டுகொண்டார்கள் என்பதற்கு அதுவே சான்று.

இந்த அளவை நாட்டு நிகழ்வுகளோடு ஒப்பிடுங்கள். 1942 ஏப்ரல் 9 திருகோணமலையில் ஜப்பானியக் குண்டுவீச்சு. 1960 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு எடுத்த சட்டம். பள்ளி ஆசிரியர்களை முகவர்களாக நம்பிய இதழ்களுக்கு அது விநியோகத்தின் முதுகெலும்பையே பாதித்திருக்கும். 1962 முதல் 1965 வரையான இரண்டாம் வத்திக்கான் சங்கம். வழிபாடு தமிழுக்கு வந்த மாற்றத்தைக் கத்தோலிக்க இதழ்கள் மாதம் மாதமாக விளக்கியிருக்கும். 1964 டிசெம்பர்ப் புயல், 1983 கலவரம், 1990 போர், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை, 2020 ஊரடங்கு, 2022 தாள் தட்டுப்பாடு.

இடைவெளிக்கு உடனே போரைக் காரணம் சொல்ல வேண்டாம். நிற்பதற்கு முந்திய ஆறு இதழைப் பாருங்கள். பணமில்லாமல் நின்ற இதழில் விலை ஏறும், பக்கம் குறையும், இணைந்த இதழ் வரும், "சந்தா நிலுவையை அனுப்புங்கள்" என்ற வரி பெரிதாகும். கலவரத்தாலோ இடப்பெயர்வாலோ நின்ற இதழ் முழுப் பக்கத்தோடு, தொடர்கதையின் கீழ் "தொடரும்" என்று போட்டுவிட்டு நின்றிருக்கும். ஆசிரியராயிருந்த குருவானவர் இடமாற்றமாகிப் போய் நின்றதென்றால் அது பிரியாவிடைச் செய்தியில் தெரியும்.

எத்தனை பிரதி

இதழில் தொகை இராது, அச்சகப் பற்றுச்சீட்டில் றீம் கணக்கு இருக்கும். டெமி அளவுப் பெரிய அச்சுத் தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். உள்ளே 32 பக்கமுள்ள இதழுக்கு ஒரு பிரதிக்கு இரண்டு தாள். மூன்று றீம் என்றால் 1500 தாள், 750 பிரதி. நூற்றுக்கு ஐந்து கழிவு போனால் 710 அளவில். பழைய சீட்டுகளில் ஒரு றீம் 480 தாளாகவும் இருக்கலாம். அப்போது தொகை குறையும். அட்டைத் தாள் வேறு வரியில் இருக்கும், அதைச் சேர்த்துக் கூட்டாதீர்கள். அச்சானது வேறு, வாசித்தது வேறு. அதைச் சந்தாப் புத்தகத்திலும் பொதி அனுப்பிய கணக்கிலும்தான் பார்க்க வேண்டும்.

யாரிடம் என்ன கேட்பது

ஆசிரியர்களிடம் மட்டும் போகாதீர்கள். அச்சுக் கோத்தவர், மடித்தவர், விலாசம் எழுதி உறையிட்டவர், ஞாயிறு பூசைக்குப் பிறகு வாசலில் நின்று விற்றவர், எல்லோரிடமும் கேளுங்கள். "இதழ் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லாயிருந்தது" என்பார்கள். "மூதூர்ப் பொதி லோஞ்சிலா பஸ்ஸிலா போனது, யார் கொண்டுபோய்க் குடுத்தது, விற்காத பிரதி என்னாகும்" என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். கையில் ஒரு பழைய பிரதியைக் கொடுத்துக் கேளுங்கள். சொன்ன வருடத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

எழுதுதலும் ஒப்படைத்தலும்

முதல் பந்தியில் பெயர், யாருடைய இதழ், முதல் இதழின் திகதி, அச்சிட்ட இடம், எத்தனை நாளுக்கொருமுறை, கடைசி இதழ். முதல் இதழைக் கண்ணால் காணாவிட்டால் "கிடைத்தவற்றில் மூத்தது" என்று எழுதுங்கள். வெள்ளிவிழா மலரில் உள்ள தொடக்க ஆண்டை அப்படியே எடுக்காதீர்கள். றோணியோவில் வந்த வருடத்தை ஒருவர் தொடக்கமாக எண்ணியிருப்பார், அச்சில் வந்ததை இன்னொருவர் எண்ணியிருப்பார். இரண்டையும் கொடுத்து விளக்குங்கள். புனைபெயரை உடைக்குமுன் குடும்பத்தாரிடம் கேளுங்கள். பழைய சபைப் பிணக்கு, விலக்கி வைத்த அறிவித்தல் போன்றவற்றில் வாழ்வோரின் பெயர் இருந்தால் பெயரில்லாமல் விடயத்தைச் சொல்லலாம்.

இணையத்தில் முழு இதழையும் போடுவதானால் உரிமை பார்க்க வேண்டும். 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. பெயரில்லாமல் வந்த ஆக்கத்துக்கு வெளியானதிலிருந்து 70 வருடம். சபையின் எழுத்து மூல அனுமதி ஒன்றும், பெரிய எழுத்தாளர்களின் குடும்பத்து அனுமதி வேறாகவும் வாங்குங்கள்.

வரலாறு அச்சானதும் பதிவேட்டையும் அதன் கடைசியில் சேர்த்துப் போடுங்கள். விழா மலரில் இடமில்லை என்பார்கள். எட்டுப் பக்கம் போதும், விடாமல் கேளுங்கள். இல்லாத இதழ்களின் பட்டியலைத் தனிப் பெட்டியில் பெரிய எழுத்தில் கொடுத்தால் பாலையூற்றிலோ சாம்பல்தீவிலோ ஒரு வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் பிரதி வெளியே வரும். படக் கோப்புகளின் ஒரு பிரதி சபைக்கு, ஒன்று பள்ளி நூலகத்துக்கு, ஒன்று நூலக நிறுவனத்துக்கு. மூலத் தாள்களைப் பிரித்துக் கொடுக்காமல் ஒரே இடத்தில், பொறுப்பாளரின் பெயரும் ஒப்பமும் உள்ள ஏற்புச் சீட்டோடு வையுங்கள்.